உருளைக்கிழங்கு வியாபாரம்: எந்தச் சமையலுக்கு எந்தக் கிழங்கு?

வெங்காயம், தக்காளி இவற்றோடு நம் கடைகளில் அன்றாடம் தராசு ஏறும் சரக்கு உருளைக்கிழங்கு. அரை கிலோ வாங்கும் இல்லத்தரசி முதல் மூட்டைக் கணக்கில் எடுக்கும் ஓட்டல்காரர் வரை அனைவரும் இதற்கு வாடிக்கையாளர்களே. ஆனாலும் இந்தச் சரக்கைப் பற்றி நம்மில் பலர் தெரிந்து வைத்திருப்பது அன்றைய மண்டி விலையை மட்டும்தான்.

அரிசி வாங்க வருபவரிடம் "இட்லிக்கா, சாப்பாட்டுக்கா, பிரியாணிக்கா?" என்று கேட்டுத்தான் சாக்கைத் திறக்கிறோம். மிளகாயில் குண்டு வேறு, நீட்டு வேறு என்று பிரித்து வைக்கிறோம். புளியில் பழையது, புதியது பார்க்கிறோம். உருளைக்கிழங்கை மட்டும் ஒரே குவியலாகக் கொட்டி, ஒரே விலை எழுதி வைத்து விடுகிறோம்.

இதன் விளைவு மறுநாள் தெரிகிறது. "அண்ணாச்சி, குருமாவில் போட்ட கிழங்கு கரைந்தே போய்விட்டது" என்று ஒருவர் வருகிறார். "போண்டாவுக்கு மசித்தால் களி மாதிரி ஒட்டுகிறது" என்கிறார் டீக்கடைக்காரர். "சிப்ஸ் எல்லாம் கருத்து விட்டது, எண்ணெயும் வீண்" என்கிறார் இன்னொருவர். மூவருக்கும் நாம் கொடுத்தது அழுகல் சரக்கு அல்ல. நல்ல கிழங்குதான். அவரவர் சமையலுக்குப் பொருந்தாத கிழங்கு, அவ்வளவுதான். ஆனால் வாடிக்கையாளர் அப்படி நினைப்பதில்லை. "அந்தக் கடையில் சரக்கு சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார். உருளைக்கிழங்குக்காகப் போனவர் பருப்பையும் எண்ணெயையும் அங்கேயே வாங்கி விடுவார் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, எந்தச் சமையலுக்கு எந்தக் கிழங்கு ஏற்றது, அதை வியாபாரி எப்படிக் கண்டுகொள்வது, கடையில் எப்படி வைத்து விற்பது ஆகியவற்றை இங்கே பார்ப்போம்.

கிழங்கின் உள்ளே என்ன இருக்கிறது?

உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். தண்ணீர் போக மீதி இருப்பதை உலர்பொருள் என்கிறார்கள். அதில் பெரும்பங்கு மாவுச்சத்து. சமையலில் கிழங்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது இந்த உலர்பொருளின் அளவே.

உலர்பொருள் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருந்தால் அது மாவுக் கிழங்கு. வேகும்போது மாவுத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும். அதனால் கிழங்கின் நுண்ணறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, கையால் அழுத்தினால் பூப்போல உதிரும். இதைத்தான் நம் வீடுகளில் "நல்ல மாவுக் கிழங்கு" என்று பாராட்டுவார்கள்.

உலர்பொருள் 18 பங்குக்குக் கீழே இருந்தால் அது கெட்டிக் கிழங்கு. நன்றாக வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும்; கத்தியால் வெட்டினால் வழவழப்பாக இருக்கும். மசித்தால் ஒட்டும். சிலர் இதை நீர்க்கிழங்கு என்று ஒதுக்குவதும் உண்டு. ஆனால் இதற்கென்று உரிய சமையல்கள் இருக்கின்றன.

இரண்டுக்கும் இடைப்பட்டது நடுத்தரக் கிழங்கு. எல்லாவற்றுக்கும் ஓரளவு பயன்படும். வீட்டு உபயோகத்துக்கு நாம் விற்பதில் பெரும்பகுதி இந்த வகையே.

இவை தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு; அது சர்க்கரை. கிழங்கில் சர்க்கரை மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் வைக்கும் இடத்தைப் பொறுத்து அது கூடும். வேகவைக்கும் சமையலில் இது அவ்வளவாகத் தெரியாது. எண்ணெயில் பொரிக்கும்போதுதான் தன் வேலையைக் காட்டும். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

சமையலுக்கு ஏற்ற கிழங்கு

1. போண்டா, சமோசா, கட்லெட், ஆலு பரோட்டா: இவற்றுக்கு மாவுக் கிழங்கே ஏற்றது. மசித்த கிழங்கு உலர்ந்து, உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். நீர் மிகுந்த கிழங்கைப் போட்டால் பூரணம் சொதசொதவென்று ஆகி, மேல்மாவு ஊறி, எண்ணெயில் வெடித்துப் பிரியும்.

2. பூரிக்கிழங்கு, மசால் தோசைக் கிழங்கு: மாவுக் கிழங்கோ நடுத்தரக் கிழங்கோ போதும். பாதி மசிந்து, பாதி துண்டாக இருப்பதே இதன் பக்குவம். மாவுக் கிழங்காக இருந்தால் குழம்பு தானாகவே சேர்ந்து வரும். கெட்டிக் கிழங்கானால் சேர்ந்து வருவதற்குக் கடலை மாவு கரைத்து விட வேண்டியிருக்கும். ஓட்டல்காரருக்கு இது செலவுக் கணக்கு.

3. பொடிமாஸ்: மாவுப் பக்கம் சாய்ந்த நடுத்தரக் கிழங்கு. உதிர வேண்டும், குழையக் கூடாது.

4. குருமா, சாம்பார், பிரியாணி, காய்கறிக் கூட்டு: இவற்றுக்குக் கெட்டிக் கிழங்கு வேண்டும். நெடுநேரம் கொதித்தாலும் துண்டு உடையாது. கல்யாணச் சமையல்காரர் பெரிய பாத்திரத்தில் கரண்டி போட்டுக் கிளறுவார். அங்கே மாவுக் கிழங்கைக் கொடுத்தால் பந்தி நடக்கும்போது துண்டு ஒன்றும் இருக்காது.

5. சின்ன உருளை ரோஸ்ட்: முழுதாக வேகவைத்து, தோலுரித்து, மசாலாவில் புரட்டுவது. இதற்குப் பொடிக் கிழங்கில் ஒரே அளவாகப் பொறுக்கிய கெட்டிக் கிழங்கு. அளவு கலந்திருந்தால் சிறியது குழையும், பெரியது வேகாது.

6. காரக்கறி, சதுரமாக நறுக்கிய வறுவல்: நடுத்தரக் கிழங்கு. வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கிடைக்கும்.

7. பஜ்ஜி: நடுத்தரக் கிழங்கில் சற்றுப் பெரிதான, நீள்வட்டக் கிழங்கு. வில்லை அகலமாக வரும், கழிவு குறையும்.

8. சிப்ஸ், விரல் வறுவல்: இவற்றுக்கு உலர்பொருள் கூடுதலாகவும் சர்க்கரை மிகக் குறைவாகவும் உள்ள கிழங்கு வேண்டும். தண்ணீர் குறைவான கிழங்கு எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும். ஒரு மூட்டைக்கு வறுவலும் அதிகம் கிடைக்கும். சிப்ஸுக்கு உருண்டையான, கண் ஆழமில்லாத நடுத்தர அளவுக் கிழங்கு. விரல் வறுவலுக்கு நீண்ட, பெரிய கிழங்கு.

சந்தைக்கு வரும் சரக்கு

உருளைக்கிழங்கு நம் நாட்டுப் பயிர் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் தோன்றி, ஸ்பானியர் மூலம் ஐரோப்பா சென்று, பிறகு இந்தியா வந்தது. நீலகிரியில் இது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றியது. இன்று உலகில் சீனாவுக்கு அடுத்தபடியாக மிகுதியாக விளைவிப்பது இந்தியாதான். உத்தரப் பிரதேசமும் மேற்கு வங்காளமும் இதில் முன்னணியில் உள்ளன.

தமிழ்நாட்டுக் கடைகளுக்குச் சரக்கு வரும் வழிகள் பல. நீலகிரிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கி ஏலம் போகிறது. கொடைக்கானல் மலைக் கிழங்கும் உண்டு. கர்நாடகத்தில் கோலார், சிக்கபள்ளாப்பூர், ஹாசன் பகுதிகளிலிருந்து வருகிறது. வடக்கே ஆக்ரா, இந்தூர், குஜராத்தின் டீசா ஆகிய இடங்களிலிருந்தும் லாரிகள் வருகின்றன.

மண்டியில் நாம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கிழங்கை அடையாளம் காண்கிறோம். ஊட்டி என்றால் ஒரு விலை, ஆக்ரா என்றால் ஒரு விலை. ஆனால் ஊர்ப் பெயர் மட்டும் கிழங்கின் குணத்தைச் சொல்லி விடாது. ரகம் என்ன, முற்றிய பிறகு வெட்டியதா, மழையில் வெட்டியதா, குளிர்பதனக் கிடங்கில் இருந்ததா என்ற நான்கும் சேர்ந்தே குணத்தைத் தீர்மானிக்கின்றன.

ரகங்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சிம்லாவில் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949இல் பாட்னாவில் தொடங்கப்பட்டு 1956இல் சிம்லாவுக்கு மாறியது. அந்த நிலையத்தின் கிளை ஒன்று ஊட்டி அருகே முத்தோரையில் உள்ளது. இந்த நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு, சிம்லாவுக்குப் பக்கத்தில் உள்ள குஃப்ரி என்ற ஊரின் பெயரே முன்னால் வரும்.

குஃப்ரி ஜோதி 1968இல் வெளியானது. மலைப்பகுதியிலும் சமவெளியிலும் விளையும். நீலகிரியில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள ரகம். நீள்வட்டம், கண் ஆழமில்லை, நடுத்தர வகை. குஃப்ரி பஹார் வடக்கே வெகுவாக விளைவது. அந்த மண்டிகளில் 3797 என்ற எண்ணைச் சொன்னால் இதுதான். குஃப்ரி புக்ராஜ் 1998இல் வந்தது. சதை மஞ்சளாக இருக்கும், சீக்கிரம் விளையும், உலர்பொருள் குறைவு. குழம்பு வகைகளுக்குப் பொருந்தும், சிப்ஸுக்கு ஆகாது. குஃப்ரி சிந்தூரி சிவப்புத் தோல் கொண்டது. சிப்ஸுக்கென்றே உருவாக்கப்பட்டவை குஃப்ரி சிப்சோனா 1, 2 ஆகிய ரகங்கள். இவையும் 1998இல் வெளியானவை. அதன் பிறகு சிப்சோனா 3, விரல் வறுவலுக்கான குஃப்ரி ஃப்ரைசோனா ஆகியவையும் வந்துள்ளன. வெளிநாட்டு ரகமான லேடி ரொசெட்டாவும் சிப்ஸ் ஆலைகளுக்காகப் பயிரிடப்படுகிறது.

சிப்ஸ் போடும் வாடிக்கையாளர் உங்களிடம் இருந்தால் மண்டிக்காரரிடம் "என்ன ஊர்?" என்பதோடு "என்ன ரகம்?" என்றும் கேளுங்கள். கேட்பவர் கூடினால்தான் மண்டியிலும் ரகம் பிரித்துப் போடும் பழக்கம் வரும்.

உப்புத் தண்ணீர்ச் சோதனை

ரகம் தெரியாத சரக்கை எப்படிப் பார்ப்பது? கண்ணால் பார்த்து உலர்பொருளைச் சொல்வது எளிதல்ல. ஆனால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது.

மாவுக் கிழங்கு கனமானது. நீர்க்கிழங்கு அதைவிட லேசானது. வெறும் தண்ணீரில் இரண்டும் மூழ்கும். ஆனால் அளவாக உப்புக் கரைத்த தண்ணீரில் மாவுக் கிழங்கு மூழ்கும், நீர்க்கிழங்கு மிதக்கும்.

செய்முறை இதுதான். நான்கு லிட்டர் தண்ணீரில் அரை கிலோ தூள் உப்பை எடை போட்டுக் கொட்டி நன்றாகக் கரைக்க வேண்டும். அதாவது லிட்டருக்கு 125 கிராம். இந்தக் கரைசலில் மூழ்கும் கிழங்கில் உலர்பொருள் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கோ அதற்கு மேலோ இருக்கும். மூட்டையின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடங்களிலிருந்து பத்துக் கிழங்குகளை எடுத்து, மண் போகக் கழுவி, இரண்டு மூன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏழெட்டு மூழ்கினால் போண்டாவுக்கும் பொரியலுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். ஏழெட்டு மிதந்தால் குருமாவுக்கும் சாம்பாருக்கும் கொடுங்கள். பாதிக்குப் பாதி என்றால் நடுத்தரச் சரக்கு.

உள்ளே பொந்து விழுந்த கிழங்கும் மிதக்கும். ஆகையால் மிதந்ததில் ஒன்றிரண்டை வெட்டிப் பார்ப்பது நல்லது. சோதித்த கிழங்கை நல்ல தண்ணீரில் அலசி வீட்டுச் சமையலுக்கு எடுத்துக் கொள்ளலாம். மறுபடி மூட்டையில் போட வேண்டாம். ஈரம் பட்ட கிழங்கு மற்றவற்றையும் அழுக வைக்கும்.

சிப்ஸ் ஏன் கருக்கிறது?

வடக்கே அக்டோபர், நவம்பரில் நட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை கிழங்கு வெட்டுகிறார்கள். அந்த நேரத்தில் விற்றது போக மீதி பிப்ரவரி, மார்ச்சில் குளிர்பதனக் கிடங்குகளுக்கு ஏறுகிறது. அங்கிருந்து நவம்பர் வரை சிறிது சிறிதாக வெளியே வருகிறது. வழக்கமான கிடங்குகளில் குளிர்நிலை 2 முதல் 4 டிகிரி வரை. முளை வராமல், எடை குறையாமல் இருப்பதற்கு இந்தக் குளிர் தேவை.

ஆனால் இந்தக் குளிரில் கிழங்கின் மாவு சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறுகிறது. வேகவைத்தால் லேசாக இனிப்புத் தட்டும். எண்ணெயில் பொரித்தால் அந்தச் சர்க்கரை கிழங்கில் உள்ள புரதக் கூறுகளோடு சேர்ந்து பழுப்பாகி, பிறகு கருத்து, கசப்பாகி விடுகிறது. எண்ணெயை மாற்றினாலும் அடுப்பைக் குறைத்தாலும் பெரிய பயன் இல்லை. சிப்ஸுக்கு எடுக்கும் கிழங்கில் 100 கிராமுக்கு இவ்வகைச் சர்க்கரை 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு.

இதில் உடல்நலமும் இருக்கிறது. மாவுப் பொருள்களை மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்ற தீய பொருள் உண்டாவதை 2002இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டனர். சர்க்கரை மிகுந்த கிழங்கைக் கருகப் பொரித்தால் அது கூடுகிறது. சிப்ஸ் பொன்னிறத்தோடு நிற்க வேண்டும் என்பது பார்வைக்காக மட்டும் சொல்வதல்ல.

ஆலைகளுக்குப் போகும் கிழங்கை 10 முதல் 12 டிகிரியில், முளை தடுப்பு மருந்து இட்டுத் தனியாக வைக்கிறார்கள். அந்தச் சரக்கில் சர்க்கரை ஏறுவதில்லை. ஆனால் சாதாரண மண்டிச் சரக்கில் இதை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் சிறிய சிப்ஸ் கடைக்காரருக்கு நாம் என்ன கொடுப்பது? இங்கேதான் பருவக் கணக்கு உதவுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வடக்கத்திய புதுச் சரக்கு குளிர்பதனம் ஏறாமலே வருகிறது. அதில் முற்றிய கிழங்காகப் பார்த்துக் கொடுக்கலாம். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் உரிந்து வந்தால் அது இளசு, தண்ணீர் மிகுதி. தோல் பிடித்து நின்றால் முற்றியது.

மற்ற மாதங்களில் மலைச் சரக்கும் கர்நாடகச் சரக்கும் கைகொடுக்கும். நீலகிரியில் நீர்போகம், கார்போகம், கடைப்போகம் என்று மூன்று போகம். அதனால் வடக்கே கிடங்குச் சரக்கு மட்டுமே இருக்கும் மாதங்களிலும் மலையில் புதுக்கிழங்கு வெட்டுகிறார்கள். ஹாசன் பகுதியில் ஆகஸ்ட், செப்டம்பரில் வெட்டு நடக்கும். விலை கிலோவுக்குச் சில ரூபாய் கூடினாலும், பொரிப்பவருக்கு இந்தச் சரக்கே லாபம். மழையில் வெட்டிய கிழங்கு நீர் மிகுந்து சீக்கிரம் அழுகும் என்பதால் குறைவாக எடுத்து உடனே விற்றுவிட வேண்டும்.

கிடங்குச் சரக்கைத்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், 15 முதல் 20 டிகிரி இதமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். நம் ஊர் வெயிலில் அதற்குள் முளை விட்டுவிடலாம். எனவே எடுப்பதற்கு முன் ஐந்தாறு வில்லை சீவிப் பொரித்துப் பார்த்து முடிவு செய்வதே நல்லது. சீவிய வில்லைகளைத் தண்ணீரில் அலசுவதும், சற்று நேரம் வெந்நீரில் போட்டு எடுப்பதும் மேல்பரப்புச் சர்க்கரையைக் குறைக்கும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லலாம்.

இன்னொன்று: நாம் கொடுத்த நல்ல கிழங்கையே வாடிக்கையாளர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, பிறகு பொரித்துக் கருத்தது என்று குறை சொல்வதும் நடக்கிறது. "கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

"கிழங்கு வேகவில்லை" என்று சொன்னால்

இந்தப் புகாருக்கு எப்போதும் கிழங்கு காரணம் அல்ல. மூன்று காரணங்களை வாடிக்கையாளரிடம் விசாரியுங்கள்.

முதலாவது, புளி. புளிக்கரைசலிலோ தக்காளிச் சாற்றிலோ பச்சைக் கிழங்கைப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். புளிப்பு, கிழங்கின் நுண்ணறைகளைப் பிரிய விடாது. கிழங்கு வெந்த பிறகே புளி சேர்க்க வேண்டும். நெடுநேரம் கொதிக்கும் காரக்குழம்புக்கு இதையே நல்ல வழியாகவும் கொள்ளலாம், துண்டு உடையாது.

இரண்டாவது, தண்ணீர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கிழங்கு கெட்டிப்படும்.

மூன்றாவது, அரைவேக்காடு. பாதி வெந்த நிலையில் அடுப்பை அணைத்து அந்தச் சூட்டிலேயே விட்டுவிட்டால் கிழங்கு இறுகிவிடும். பிறகு வேகவைத்தாலும் சரியாகக் குழையாது. கேஸ் தீர்ந்துபோன நாளில் இப்படி ஆவதுண்டு.

இவற்றைப் பொறுமையாக விளக்கிச் சொன்னால் புகார் சொல்ல வந்தவர் நம்மிடம் மதிப்பு வைத்துத் திரும்புவார்.

கடையில் வைக்கும் முறை

கிழங்குக்கு உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது. காற்றோட்டமும் இருட்டும் அதற்கு இரண்டு கண்கள்.

காற்றுப் புகாமல் வெப்பத்தில் அடைத்து வைத்தால் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே நடுப்பகுதி கருத்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கக் கூடாது. கோணிப்பையோ வலைப்பையோ நல்லது. மூட்டைகளைத் தரையில் நேராக அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல் வைத்தால் அடியிலும் காற்று போகும். கிடங்கிலிருந்து குளிரோடு வந்த கிழங்கில் வியர்வைபோல நீர் கோக்கும். பரப்பி உலரவிட்ட பிறகே மூட்டை கட்ட வேண்டும். வெங்காயத்துக்கு உலர்ந்த இடம் வேண்டும். கிழங்கு விடும் ஈரக்காற்று அதற்கு ஆகாது. இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைக்க வேண்டாம்.

வெளிச்சத்தில் கிடந்தால் கிழங்கு பச்சை நிறமாகும். பச்சை நிறம் மட்டும் கெடுதல் அல்ல. அதோடு சேர்ந்து சோலனின் என்ற நச்சுப் பொருளும் கூடுகிறது. கசக்கும்; வயிற்றைக் கெடுக்கும். வேகவைத்தாலும் அது போவதில்லை. கண்ணாடிப் பெட்டியில் விளக்கு போட்டுக் காட்சிக்கு வைக்கும் கடைகளில் இது சீக்கிரம் நடக்கும். அன்றாட விற்பனைக்கு வேண்டியதை மட்டும் வெளியே கொட்டி, இரவில் சாக்கு போட்டு மூடிவிடுங்கள். நன்றாகப் பச்சை ஏறியதையும், மிகுதியாக முளை விட்டுச் சுருங்கியதையும் எடையில் போடாமல் ஒதுக்குவதே நியாயம்.

கழிவுக் கணக்கு

கிழங்கில் நஷ்டம் வரும் வழி விலை இறக்கம் மட்டுமல்ல, கழிவும்தான். ஒரு கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ மூட்டையை 1,000 ரூபாய்க்கு எடுத்ததாக வைத்துக்கொண்டால் அடக்க விலை கிலோ 20 ரூபாய். அழுகல், பச்சை, எடை உலர்வு எல்லாம் சேர்ந்து 3 கிலோ போனால் விற்கக் கிடைப்பது 47 கிலோ. அடக்கம் 21 ரூபாய் 28 காசு ஆகிவிடுகிறது. கூலியும் வண்டி வாடகையும் இதற்கு மேல். 20 ரூபாயை மனத்தில் வைத்து 22 ரூபாய்க்கு விற்பவர் இரண்டு ரூபாய் லாபம் என்று நினைப்பார். உண்மையில் முக்கால் ரூபாய்கூட நிற்காது.

இதற்கு ஒரே வழி, மூட்டை பிரித்த அன்றே பொறுக்குவது. பெரியது, நடுத்தரம், பொடி என்று மூன்றாகப் பிரியுங்கள். பெரியது பஜ்ஜிக் கடைக்கும் விரல் வறுவலுக்கும், பொடி ரோஸ்டுக்கும் தனியாக விலை போகும். கலந்து கொட்டினால் வாடிக்கையாளரே பெரியதைப் பொறுக்கிக் கொண்டு பொடியை நமக்கு விட்டுவிடுவார்.

அதேபோல் முடிந்த கடைகளில் இரண்டு கூடைகள் வையுங்கள். ஒன்றில் "மசிக்க, பொரிக்க", மற்றொன்றில் "குழம்பு, குருமாவுக்கு" என்று அட்டையில் எழுதி வைத்தால் போதும். இரண்டுக்கும் விலை வேறாக இருந்தாலும் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார். காரணம் எழுதியே இருக்கிறதே.

பெயரைச் சொல்லி விற்பதில் நேர்மை

கடைசியாக ஒன்று. ஊட்டிக் கிழங்குக்கு மக்களிடம் தனி மதிப்பு இருக்கிறது, விலையும் கூடுதல். செம்மண் ஒட்டியிருப்பதைப் பார்த்தே ஊட்டி என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் தள்ளுவது நம் தொழிலுக்கே கேடு. கிடங்குச் சரக்கை ஊட்டி என்று வாங்கிப் போனவர் வீட்டில் வறுவல் கருத்தால், அவர் சந்தேகப்படுவது கிழங்கை அல்ல, நம் வாயை. அதோடு உண்மையாகவே மலையில் பாடுபட்டு விளைவிக்கும் விவசாயியின் சரக்குக்கும் விலை இறங்கும். ஆக்ராக் கிழங்கு என்று சொல்லியே ஆக்ராக் கிழங்கை விற்கலாம். மசாலாவுக்கும் பூரிக்கும் அது நல்ல சரக்குதான்.

பெரிய அங்காடிகள் வந்துவிட்டன. கைப்பேசியில் பொத்தானை அழுத்தினால் வீட்டு வாசலுக்குக் காய்கறி வருகிறது. அவர்களோடு விலையில் போட்டி போடுவது சிறு வணிகருக்கு எளிதல்ல. ஆனால் "இன்றைக்கு வீட்டில் என்ன சமையல், தங்கச்சி?" என்று கேட்டு, அதற்கேற்ற கிழங்கை எடுத்துப் போடுவது நம்மால்தான் முடியும். அடுத்த முறை மண்டிக்குப் போகும்போது விலையோடு ரகத்தையும் கேளுங்கள். கடைக்கு வந்ததும் ஒரு வாளி உப்புத் தண்ணீரில் பத்துக் கிழங்கைப் போட்டுப் பாருங்கள். அரை கிலோ உப்புச் செலவில் ஒரு மூட்டையின் குணம் தெரிந்துவிடும்.